கோப்பை கேக்கும் மேல்வீட்டுக்காரரும்

முட்டையைக் கோப்பையின் விளிம்பில் தட்டப் போன நேரத்தில் வாசல் மணி அடித்தது.

இராஜமாணிக்கம் கையை அப்படியே நிறுத்தினார். சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. முட்டை உடைகிற சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று மிக்ஸி வெறும் ஜாரோடு ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைக்குள் பாதாம் மாவும், கோகோ பொடியும், ஒரு துண்டு வெண்ணெயும், சர்க்கரைக்குப் பதிலாக டாக்டர் அனுமதித்த ஏதோ ஓர் இனிப்புப் பொடியும் காத்துக்கொண்டிருந்தன. முட்டை ஒன்றுதான் பாக்கி.

"தாரணி, யாருன்னு பாரு" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"நீங்களே பாருங்க. நான் பரீட்சைப் பேப்பர் திருத்திட்டிருக்கேன்" என்று உள்ளறையிலிருந்து சாதாரணக் குரலில் பதில் வந்தது. பள்ளிக்கூட டீச்சருக்கு சாதாரணக் குரல் என்றால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

மணி மறுபடியும் அடித்தது. முட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு இராஜமாணிக்கம் கதவைத் திறந்தார். வாசலில் வீட்டு ஓனர் கோவிந்தப்பா நின்றிருந்தார். மாடியில் குடியிருப்பவர். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் துண்டு.

"ஏனு சார், இன்னைக்கு ஆபீஸ் இல்லியா?"

"ஒர்க் ஃப்ரம் ஹோம் சார்."

"மிக்ஸி சத்தம் ரொம்ப நேரமா கேக்குது."

"சட்னி சார்."

"சாயங்காலம் சட்னியா?" கோவிந்தப்பா மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். "சரி, அது இருக்கட்டும். உங்களுக்கு ஏதாவது வாசனை வருதா?"

இராஜமாணிக்கத்துக்கு அடிவயிறு கலங்கியது. முட்டையும் அங்கேதான் இருந்தது.

"என்ன வாசனை சார்?"

"ஒரு மாதிரி... கவுச்சி மாதிரி." சொல்லிவிட்டுக் கோவிந்தப்பா கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்தார்.

"கவுச்சியா! சேச்சே! எங்க வீட்லயா? நாங்க பூண்டே யோசிச்சு யோசிச்சுத்தான் சார் போடுவோம்."

கோவிந்தப்பாவின் முகம் ஏனோ வாடிப்போயிற்று. "பூண்டுகூடவா? சரி சார். உங்களுக்கு வரலைன்னா சரி. எனக்குத்தான் அப்படித் தோணியிருக்கும்."

அவர் படியேறும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இராஜமாணிக்கத்துக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இராஜமாணிக்கம் சைவம் அல்ல. திருப்பத்தூரில் அவர் வளர்ந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்துவிடுவார்கள். ஆனால் பெங்களூரில் வீடு தேடுகிறவனிடம் முதலில் கேட்பது பெயரை அல்ல, வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்பதைத்தான். உண்மையைச் சொல்லிச் சொல்லி ஏழெட்டு வீட்டுப் படியிறங்கிய பிறகு, பொம்மனஹள்ளியில் இந்த வீட்டைக் காட்டினான் புரோக்கர் முனிகிருஷ்ணன். தாரணியின் பள்ளிக்கூடம் அதே தெருமுனையில். கோடையிலும் குழாயில் தண்ணீர் வருமாம். கேட்டில் 'ஒன்லி வெஜ்' என்று ஒரு போர்டு தொங்கியது.

"ஓனர் பயங்கர ஆச்சாரம் சார்" என்றான் முனிகிருஷ்ணன். "முட்டைன்னு பேரைச் சொன்னாலே அன்னைக்குச் சோறு எறங்காது அவருக்கு. நீங்க வாயே தெறக்காதீங்க. தலையை மட்டும் ஆட்டுங்க. மீதி நான் பேசிக்கறேன்."

பேசினான். கோவிந்தப்பாவிடம் கன்னடத்தில் ஏதேதோ அடுக்கினான். நடுநடுவே இராஜமாணிக்கத்தைக் கை நீட்டிக் காட்டினான். இராஜமாணிக்கம் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் கோவிந்தப்பா எழுந்து நின்று, கோயில் குருக்களைக் கும்பிடுவது போல அவரைக் கும்பிட்டார். கோவிந்தப்பாவுக்கு நன்றாகத் தமிழ் வரும் என்பதே குடிவந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு முனிகிருஷ்ணன் இருவரையும் பேசவே விடவில்லை.

மூன்று வருடமாக வீட்டுக்குள் பருப்பும் கீரையும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் வண்டியை எடுத்துக்கொண்டு நீலசந்திராவுக்குப் போய், தெரிந்தவர் மெஸ்ஸில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவி, கிராம்பு மென்றுகொண்டே திரும்புவார்கள். கோவிந்தப்பாவும் அவர் மனைவி காந்தாவும்கூட ஞாயிறு தவறாமல் அத்திபெலேயில் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். "அங்க பூஜை சார்" என்பார். இவ்வளவு பக்தியுள்ள மனுஷரை ஏமாற்றுகிறோமே என்று இராஜமாணிக்கத்துக்கு உறுத்தும். மெஸ் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அந்த உறுத்தல் கொஞ்சம் குறைந்துவிடும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சர்க்கரை வந்து புகுந்தது. "எல்லையில நிக்குது" என்றார் டாக்டர். எடையைக் குறைக்காவிட்டால் மாத்திரையாம். சோறு பாதி, சப்பாத்தி ஒன்று, இனிப்பு அறவே கூடாது. சாயங்காலம் ஆனால் ஒரு சாக்லேட் வாயில் போட்டே தீர வேண்டிய பழக்கம் உள்ளவர் இராஜமாணிக்கம். நாலு நாள் அவர் பண்ணிய அலப்பறை தாங்காமல் தாரணிதான் செல்போனில் இந்தக் கோப்பை கேக்கைத் தேடிப் பிடித்தாள். ஓர் ஆளுக்கு ஒரு கோப்பை. மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம். இருநூறு கலோரி. மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை.

"ஒரு கோப்பைதான். அதுக்கு மேல ஒரு கடுகு உள்ள போனாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லி, கலோரி எண்ணும் ஆப் ஒன்றையும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அவர் மோர் குடித்தால்கூட உப்பு போட்டதா போடாததா என்று கேட்டுத்தான் பதிவாகும்.

ஒரே சிக்கல் முட்டை. முட்டை போட்டால் கேக் கோப்பைக்கு மேலே பொங்கி, பஞ்சாக வந்தது. முட்டை இல்லாமல் தயிர் ஊற்றியும், ஆளிவிதையைக் கரைத்து ஊற்றியும், வாழைப்பழத்தை ஒளித்துவைத்து மசித்தும் அவர் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் சாக்லேட் மணக்கிற களிமண்தான் கிடைத்தது. களிமண்ணையும் வீணாக்க மனம் வராமல் தின்றார். அது ஆப்பில் ஏறவில்லை, உடம்பில் ஏறியது.

ஆகவே முட்டை வந்தது. ஹெல்மெட்டுக்குள் வைத்து வந்தது. இட்லி மாவு டப்பாவுக்குள் குடியிருந்தது. இப்போது அதன் வாசனைதான் மாடிவரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது.

அடுத்த மாதக் கடைசியில் வாடகை அக்ரிமென்ட் முடிகிறது. வழக்கமாக இரண்டு மாதம் முன்னாலேயே "அதே மாதிரி எழுதிடலாம் சார்" என்று சொல்லிவிடுகிற கோவிந்தப்பா, இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. வாடகைக்குக் குடியிருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய சமிக்ஞை வேண்டுமா?

"அவர் மோப்பம் பிடிச்சிட்டாரு தாரணி. ஆதாரத்துக்காகக் காத்திட்டிருக்காரு."

"அப்ப முட்டையை விட்டுடுங்க."

"சாக்லேட்?"

"அதையும் விட்டுடுங்க."

இராஜமாணிக்கம் அந்த யோசனையைப் பரிசீலிக்கவே இல்லை. மறுநாளிலிருந்து, மைக்ரோவேவ் ஓடுகிற நேரம் பார்த்துக் கூடத்தில் சாம்பிராணி போட ஆரம்பித்தார். அறை முழுக்கப் புகை. கோப்பை எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் முட்டை வாசனை போயே போய்விட்டது.

இரண்டாம் நாளே மாடியிலிருந்தும் சாம்பிராணி இறங்கிவந்தது. இவர் போட்ட அளவுக்கு இரண்டு மடங்கு. படிக்கட்டு முழுக்க மேகமூட்டம்.

"பாத்தியா? நம்ம வீட்டுத் தீட்டை அவங்க கழிக்கறாங்க" என்றார் இராஜமாணிக்கம் இருமிக்கொண்டே.

அந்தப் புகைக்குள்ளிருந்து காந்தா வெளிப்பட்டாள். கையில் ஒரு தட்டு நிறையப் பூ.

"தினமும் சாம்பிராணி போடறீங்களே, என்ன விசேஷம் சார்?"

"விரதம்மா" என்றது இராஜமாணிக்கத்தின் வாய். அவரைக் கேட்காமலே சொன்னது. "ஒரு மண்டலம்."

காந்தா பூவை நீட்டினாள். "உங்களை மாதிரி ஆளுங்க கீழ இருக்கறதுக்கு நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும் சார்" என்றாள். என்ன ஒரு குத்தல் என்று நினைத்துக்கொண்டார் இராஜமாணிக்கம். அதற்குப் பின் விரதக்காரராக அவர் காலையிலும் சாம்பிராணி போட வேண்டியதாயிற்று.

வாசனை இப்படித் தீர்ந்தது. அடுத்தது ஓடு. ஈரக் குப்பை வாளியில் போட்டால் மேலாகவே தெரியும் என்று, ஓட்டை நொறுக்கிப் பழைய பேப்பரில் சுற்றி, காலி பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் திணித்து, உலர் குப்பைப் பையின் அடியில் வைத்தார். துப்பறியும் போலீஸே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

போலீஸ் வரவில்லை. மாநகராட்சிக் குப்பை ஆட்டோ வந்தது. அதிலிருந்த அம்மாள் கேட்டருகே ஒன்றாகக் கிடந்த இரண்டு வீட்டுப் பைகளையும் தலைகீழாகக் கொட்டி, பெட்டியைப் பிரித்து, தெருவே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"யார்ரீ இது, ஒண கசதல்லி மொட்டே சிப்பே ஹாகிரோது?"

உலர் குப்பையில் முட்டை ஓடு போட்டது யார் என்கிறாள். கேட்டருகே இரண்டே பேர்தான் நின்றிருந்தார்கள். ஒருவர் இராஜமாணிக்கம். இன்னொருவர் தன் வீட்டு வாளியோடு வந்திருந்த கோவிந்தப்பா.

கோவிந்தப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "நம்ம வீட்ல ஏதும்மா முட்டை? ரோட்ல போறவங்க யாராவது வீசியிருப்பாங்க" என்றார் அவசர அவசரமாக.

"ஆமா ஆமா, ரோட்ல போறவங்கதான்" என்றார் இராஜமாணிக்கம்.

"நாய்கூடக் கொண்டுவந்து போட்டிருக்கும் சார்."

"நாய்தான் சார். நானே பாத்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாய் பிஸ்கட் பெட்டிக்குள் எப்படிச் சுற்றி வைக்கும் என்று இருவருமே கேட்கவில்லை. எவ்வளவு நாசூக்கான மனுஷர், ஆள் முன்னால் அவமானப்படுத்தாமல் விட்டுப் பிடிக்கிறார் என்று நினைத்தபோது இராஜமாணிக்கத்துக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அன்றிலிருந்து ஓடெல்லாம் டிபன் பாக்ஸில் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் குப்பைத் தொட்டிக்குப் போனது. இனிமேல் வீட்டு வளாகத்தில் முட்டையின் அடையாளமே இருக்காது.

ஆனால் இருந்தது. அடுத்த வாரம் வாளியை வெளியே வைக்கப் போன தாரணி, பொதுக் குப்பை டிரம்மின் அடியில் வாழைத்தோலுக்குக் கீழே முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டாள். கொஞ்சநஞ்சமல்ல, ஒரு குடும்பமே உட்கார்ந்து ஆம்லெட் சாப்பிட்ட அளவுக்கு.

அவள் சத்தம் போடவில்லை. எடை பார்க்கும் மெஷினைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏறுங்க."

ஏறினார். முந்தின மாதத்தைவிட முள் தாராளமாகவே நகர்ந்தது.

"தினம் ஒரு கோப்பை. இருநூறு கலோரி. நானே எண்ணி எழுதறேன். அப்புறம் எப்படி எடை கூடுது?"

"மெஷின் பழசு."

"குப்பையில கிடக்கற ஓடும் பழசா? ஆபீஸ்க்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டு, நான் ஸ்கூல்ல இருக்கறப்ப உக்காந்து எத்தனை கோப்பை முழுங்கறீங்க?"

"சத்தியமா என்னோடது இல்ல தாரணி!"

"அப்ப யாரோடது? கோழி தானே வந்து நம்ம டிரம்ல உடைச்சுட்டுப் போச்சா?"

இராஜமாணிக்கம் யோசித்தார். பளிச்சென்று விஷயம் புரிந்தது. "கோவிந்தப்பா!" என்றார். "அவர்தான் வெளியில இருந்து ஓடு பொறுக்கிட்டு வந்து போட்டிருக்காரு. நாம அதைப் பாத்து எப்படி முழிக்கறோம்னு பாக்க. பொறி வைக்கறாரு!"

தாரணி அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோகோ டப்பாவை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் அவருடைய சட்டைப் பையைக்கூடச் சோதித்ததில்லை. இப்போது வாயை ஊதிக் காட்டச் சொன்னாள்.

கேக் பொங்கியதைக் காந்தா பார்த்தது அதற்கு மறுநாள். பூ கொடுத்த உரிமையில் கறிவேப்பிலை வாங்க வந்தவள், மைக்ரோவேவ் கண்ணாடி வழியே கோப்பைக்குள் அது ஏறுவதைக் கவனித்துவிட்டாள். (டப்பா பூட்டிக் கிடந்தாலும் தினம் ஒரு கோப்பைக்கான கோகோ ரேஷனில் கிடைத்துக்கொண்டிருந்தது.)

"அய்யோ, எவ்வளவு அழகா உப்புது! கேக்கா சார்? நீங்க கேக் எல்லாம் சாப்பிடுவீங்களா? அதுல முட்டை..."

"எக்லெஸ்ம்மா!" என்று அலறினார் இராஜமாணிக்கம். "முட்டையில்லாத கேக். சுத்த சைவம். பாதாம், கோகோ, வெண்ணெய், அவ்வளவுதான்."

"அவருக்கும் சுகர் சார். இனிப்புக்கு ஏங்கிப் போறாரு. எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்களேன்."

சொன்னார். முட்டையை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சொன்னார். மறுநாளே காந்தா ஒரு கோப்பைக் களிமண்ணோடு வந்து நின்றாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாள், "நான் எங்கயோ தப்பு பண்றேன். நாளைக்கு சாயங்காலம் உங்க பக்கத்துல நின்னு பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"உளவு பாக்க வர்றாங்க" என்றார் இராஜமாணிக்கம்.

"முட்டையில்லாம ஒண்ணு பண்ணிக் காட்டி அனுப்பிடுங்க" என்றாள் தாரணி.

"களிமண்தானே வரும்? அன்னைக்குப் பொங்கினது இப்ப ஏன் பொங்கலைன்னு கேட்டா?"

கடைசியில் ஒரு திட்டம் போட்டார். முட்டையை முன்னாலேயே அடித்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, பாதாம் பால் என்று பெயர் வைத்துவிடுவது. கேக் பொங்குவதைக் காந்தா கண்ணால் பார்ப்பாள். ஆனால் வாயில் வைக்கவே கூடாது. சைவக்காரப் பெண்மணிக்கு முட்டையை ஊட்டுகிற பாவத்தை மட்டும் அவர் செய்ய மாட்டார். வீடே போனாலும் சரி. பொய் சொல்வார், புகை போடுவார், அது வேறு. எனவே கேக் வெந்ததும் தாரணி அவரை அவசரமாகக் கூப்பிட வேண்டும், அவர் கோப்பையோடு உள்ளே ஓடிவிட வேண்டும்.

காந்தா வந்தாள். தன் வீட்டிலிருந்து நீலப்பூ போட்ட பீங்கான் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். "இதுலயே பண்ணுங்க சார், கையோட கொண்டுபோய் அவருக்குக் காட்டறேன்."

இராஜமாணிக்கம் பொடிகளைக் கொட்டினார். பாட்டிலைக் கவிழ்த்தார். அது வழவழவென்று இறங்கியது.

"பாதாம் பால் இவ்வளவு கெட்டியா இருக்குமா சார்?"

"ராத்திரி பூரா ஊறப்போட்டதும்மா."

"மஞ்சளா இருக்கே."

"குங்குமப்பூ."

காந்தா குனிந்து பாட்டிலை முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு குழப்பம். இராஜமாணிக்கத்தின் முதுகில் வேர்வை இறங்கியது. மைக்ரோவேவ் சுற்றி முடித்து மணியடித்தது. கேக் கோப்பைக்கு மேலே ஒரு சாண் எழும்பி நின்றது.

"தாரணி!" என்று குரல் கொடுத்தார். திட்டப்படி அவள்தான் கூப்பிட வேண்டும் என்பது பதற்றத்தில் மறந்துபோயிற்று.

"என்னங்க?" என்றாள் அவள், எங்கேயோ துணி மடித்துக்கொண்டே.

அதற்குள் காந்தா கோப்பையைக் கையில் எடுத்து, ஸ்பூனால் ஒரு விள்ளல் அள்ளி, வாய்க்கு அருகே கொண்டுபோய்விட்டாள்.

இராஜமாணிக்கம் பாய்ந்தார். தட்டிவிட்டார். ஸ்பூன் ஒரு பக்கம் பறந்தது, கோப்பை தரையில் விழுந்து சுக்குநூறாக உடைந்தது. நீலப்பூக்களுக்கு நடுவே கேக் ஆவி பறக்கக் கிடந்தது.

காந்தா தன் வெறுங்கையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் தொட்டதாலயா சார்?" என்றாள் காந்தா மெல்ல.

"ஐயோ, இல்லம்மா! சூடு... நாக்கு வெந்துடும்னுதான்..."

அவள் குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு, தலை நிமிராமல் படியேறிப் போனாள். இராஜமாணிக்கம் தன் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததே இல்லை. ஒரு நல்ல மனுஷியின் கண்ணில் தண்ணீர் வரவழைத்தாயிற்று. அதுவும் ஒரு கோப்பை கேக்குக்காக.

மறுநாளிலிருந்து மாடியில் சத்தமே இல்லை. கோவிந்தப்பா கேட்டில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார். வழக்கமான "ஏனு சார்" விசாரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேவுக்கும் அவர்கள் போகவில்லை. அதைப் பார்த்து இவர்களுக்கும் நீலசந்திராவுக்குப் போகத் தோன்றவில்லை. இரண்டு வீட்டிலும் அன்றைக்கு ரசம்தான் மணத்தது.

அன்று மாலை கேட்டில் ஒரு பைக் வந்து நின்றது. முனிகிருஷ்ணன். அவன் இவர்கள் வீட்டு மணியை அடிக்கவில்லை. நேரே மாடிக்குப் போனான்.

"முடிஞ்சது" என்றார் இராஜமாணிக்கம், ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபடி. "வேற ஆள் பாக்கச் சொல்றாங்க."

தாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த வீட்டை விட்டுப் போனால் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பெங்களூர் டிராஃபிக்கில் இரண்டு பஸ் என்றால் என்ன என்பதும் தெரியும். ஆனாலும் அவள் அதைச் சொல்லவில்லை.

"நாமளே போய் உண்மையைச் சொல்லிடலாங்க. அந்தம்மா என்ன நினைச்சிட்டாங்களோ. வீடு போனாப் போகட்டும், அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது."

"சொல்லிடறேன்" என்றார் அவர். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இட்லி மாவு டப்பாவைத் திறந்து, மீதமிருந்த முட்டைகளை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். சரணடையும்போது ஆயுதத்தோடு சரணடைவதுதான் முறை.

கதவைத் திறந்தால், மாடிப்படியில் முனிகிருஷ்ணன் இறங்கிவந்துகொண்டிருந்தான். மேலே படி திருப்பத்தில் கோவிந்தப்பாவும், அவர் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து காந்தாவும் நின்றிருந்தார்கள். இராஜமாணிக்கம் நிமிர்ந்ததும் இருவரும் சட்டென்று உள்ளே போய்விட்டார்கள்.

"முனிகிருஷ்ணா, நான் மேல போகணும். அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சார், சார், நீங்க எதுவும் சொல்லாதீங்க. மொதல்ல நான் சொல்லிடறேன்." முனிகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்துப் படியில் உட்காரவைத்தான். கிண்ணம் மடியில் ஆடியது. "தப்பு என் மேலதான் சார். டீசன்ட் பார்ட்டியா வரட்டும்னு கேட்ல அந்த போர்டை மாட்டினதே நான்தான்."

"இப்ப எதுக்குய்யா அதெல்லாம்? நேரா விஷயத்துக்கு வா. வீட்டைக் காலி பண்ணணும், அவ்வளவுதானே?"

"ஐயையோ! நீங்க காலி பண்ணிட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துதான் சார் அவங்க ரெண்டு பேரும் ஒரு வாரமா சரியா சாப்பிடாம உக்காந்திருக்காங்க."

இராஜமாணிக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முனிகிருஷ்ணன் மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்க ஆச்சாரத்துக்குப் பயந்து மூணு வருஷமா முட்டையைக்கூட ஒளிச்சு ஒளிச்சுத் தின்னு அலுத்துப் போச்சாம் சார், இனிமே ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது அவங்க வீட்டுல கோழி ஆக்கிக்க நீங்கதான் பெரிய மனசு பண்ணி பர்மிஷன் குடுக்கணுமாம்!"